ஏழைக் குழந்தைக்கும் யந்திர ஆமை வேண்டும்

பல்லாவரத்திலிருந்து புறப்படும் இருநூறடி ரஸ்தா கீழ்க்கட்டளையைத் தொட்டுக்கொண்டு துரைப்பாக்கத்துக்கு ஓடுகிறது. அதன் கீழ்க்கோடியில், கணினிக்குக் கட்டளை எழுதி ஜீவிப்பவர்களின் காரியாலயங்கள் வானளாவ நிற்கின்றன. ஏரியும் கழனியுமாக இருந்த இவ்வூர் வீடுகள் நெருங்கிய நகர்ப்புறமாக மாறியதற்கு அத்தொழில் ஒரு முக்கிய காரணம். பெயரிலேயே கட்டளையைத் தாங்கிய இவ்வூரில், அக்கட்டளைக் கலையின் அரிச்சுவடியைக் கற்கும் குழந்தை எது, கற்காத குழந்தை எது என்று விசாரித்தால் வெட்கப்பட வேண்டிய விடை கிடைக்கும். சம்பளம் கட்ட வசதியுள்ள குழந்தை கற்கிறது. வசதியில்லாத குழந்தை கற்கவில்லை.

தென்சென்னைப் புறநகர்களில் 'கோடிங்', 'ரோபோடிக்ஸ்' என்ற இரண்டு வார்த்தைகளும் இன்று பள்ளிக்கூட விளம்பரங்களின் அலங்காரங்களாகிவிட்டன. விளம்பரத்தைக் கண்டு விஷயத்தையே இகழ்ந்துவிடலாகாது. இதற்கென்று செய்யப்பட்ட பொம்மைகளில் தேனீ வடிவமுள்ள ஒன்றைப் பார்ப்போம். அதன் முதுகில் சில பொத்தான்களே உள்ளன: முன்னே, பின்னே, இடம், வலம், புறப்படு. ஒருமுறை முன்னே என்றால் 15 சென்டிமீட்டர் நகரும். இடம் என்றால் நின்ற இடத்திலேயே கால் வட்டம் திரும்பும். குழந்தை கட்டளைகளை வரிசையாக அழுத்திவிட்டுக் கடைசியில் புறப்படு என்கிறது. நினைத்த இடத்துக்குப் பொம்மை போகாவிட்டால், பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்று குழந்தையே தேடித் திருத்துகிறது. நிரல் எழுதுதல் என்பதன் சாரம் இவ்வளவுதான்.

இது நேற்று முளைத்த மோகமன்று. 1967-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஸீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர், சகாக்களுடன் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே லோகோ என்னும் கணினி பாஷையை உண்டாக்கினார். பின்னர் அந்தப் பாஷைக்குக் கட்டுப்பட்டுத் தரையில் ஊர்ந்து கோடு வரையும் யந்திர ஆமை ஒன்றும் பிறந்தது. யந்திரம் குழந்தையை ஆட்டிவைக்கக் கூடாது, குழந்தையே யந்திரத்தை ஆட்டிவைக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். ஆமைக்கு வழி தெரியாமல் திகைக்கும் குழந்தையை, நீயே ஆமையாகி நடந்து பார் என்பது அவர் காட்டிய உபாயம். இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் பாடத்திட்டத்திலேயே இக்கல்வி இடம்பெற்றிருக்கிறது.

"எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு யந்திரப் பொம்மை எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. எண்ணும் எழுத்தும் முதலில் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் இந்தப் பொம்மை எண்ணுக்கு விரோதியா? ஏழு கட்டம் போக வேண்டிய பொம்மை ஐந்தில் நின்றால், இன்னும் இரண்டு வேண்டும் என்று குழந்தை தானே கண்டுகொள்கிறது. அது கழித்தல் கணக்கல்லவா? தப்பு என்றால் பிரம்படி என்று பழகிவந்த வகுப்பில், தப்பு என்றால் திருத்து என்று சொல்லும் ஒரு பொருள் வந்து சேருவது சாமானிய லாபமா? இதைத் தனிப் பாடமாக்கிப் பரீட்சை வைத்துக் குழந்தைகளை வதைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எண்ணையும் திசையையும் கற்பிக்கும் கருவியாக வகுப்பில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம்.

நிற்க. சர்க்கார்கள் என்ன செய்கின்றன? மத்திய சர்க்காரின் அடல் டிங்கரிங் லாப் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆயினும் அது ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்கே. 2020-ம் வருஷத்துத் தேசீயக் கல்விக் கொள்கையும் நிரல் எழுதும் பயிற்சியை நடுநிலை வகுப்புகளிலிருந்துதான் பேசுகிறது. கேரளம் 2025-ல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபோப் பாடத்தை விதித்தது பாராட்டத்தக்கதே. ஆனால் தனியார் பள்ளிக் குழந்தை ஆறு வயதில் தொட்டு விளையாடுவதை, சர்க்கார் பள்ளிக் குழந்தை பதினொரு வயதில்தான் காணலாம் என்பது என்ன நீதி? ஐந்து வருஷம் பின்தங்கிப் புறப்பட்டவனைப் பார்த்து, "ஓட்டத்தில் தோற்றாய், உனக்குத் தகுதியில்லை" என்று பின்னால் சொல்வது அக்கிரமம் அல்லவா?

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டளை என்றால் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்ற மயக்கம் ஒழிய வேண்டும். தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்ற கணினி பாஷையை முத்தையா அண்ணாமலை உருவாக்கி இலவசமாக வழங்கியிருக்கிறார். நம் வாசற்படியிலேயே இன்னொரு சான்றும் உண்டு. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும், நம் பெண்மக்கள் வாசலில் இடும் கோலத்துக்குள் கணினி இலக்கணம் மறைந்திருப்பதைக் கண்டு 1974-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைத்து, எங்கே வளைவது, எங்கே திரும்புவது என்று தப்பாமல் இழை இழுக்கும் பாட்டிக்கும், கோடு வரையும் யந்திர ஆமைக்கும் உறவு உண்டு. கோலத்தைக் கண்டு வளர்ந்த குழந்தைக்கு இக்கலை அந்நியமாகாது.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று காரியங்கள். முதலாவது, சர்க்கார் ஆரம்பப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் இத்தகைய பொம்மைகள் நாலைந்தாவது வேண்டும். இரண்டு சக்கரம், இரண்டு மோட்டார், ஒரு மின்கலம், ஒரு சிறு மின்னணுப் பலகை இருந்தால் பொம்மை உருவாகிவிடும். அதைக் கடல் கடந்து தருவிப்பானேன்? குரோம்பேட்டையில் 1949-ல் தோன்றிய எம்.ஐ.டி. முதலிய பொறியியற் கல்லூரிகளின் மாணவர்கள் செய்து தரமாட்டார்களா? இரண்டாவது, பொத்தானிலும் பாடத்திலும் தமிழ் இருக்க வேண்டும். மூன்றாவதே முதன்மையானது: உபாத்தியாயருக்குப் பயிற்சியும் அவகாசமும் வேண்டும். வேலைச் சுமையில் அழுந்தும் உபாத்தியாயரிடம் பொம்மையைக் கொடுத்தால் அது அலமாரியில் தூங்கும். பார்வையிட வரும் அதிகாரிக்கு மட்டும் கண் விழிக்கும்.

பொம்மை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தரையில் பாண்டிக் கட்டம் கிழித்து, ஒரு குழந்தை கட்டளையிட, இன்னொரு குழந்தை யந்திரமாகி நடக்கட்டும். சுண்ணாம்புக் கட்டி ஒன்றே போதும். ஆனால் அதைக் காட்டிப் பொம்மைக்குரிய பணத்தைச் சர்க்கார் மிச்சம் பிடிக்க நாம் இடங்கொடுக்கலாகாது.

யந்திரங்கள் பெருகிவரும் உலகில் கட்டளையிடுவோர், கட்டளைக்குக் கீழ்ப்படிவோர் என்று ஜனங்கள் இரு பிரிவாகும் அபாயம் நம் கண்ணெதிரே நிற்கிறது. அந்தப் பிரிவினை ஆறு வயதில், பள்ளிக்கூட வாசலில் ஆரம்பமாகிறது. அதை அங்கேயே தடுக்க வேண்டும். இவ்வூர்ப் பெற்றோரும் பொதுநல ஊழியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இக்கேள்வியை எழுப்புவார்களாக!