பெட்டை நாயும் மூன்று வாரமும்

டிஸ்கி: நாயின் இனப்பெருக்கம் பற்றிய பதிவு இது. கூச்சப்படுபவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம். கூச்சப்படாமல் படித்தால் ஊருக்கு நல்லது :-)

வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டால் முதல் கேள்வி, "கடுவன் எத்தனை?" என்பதுதான். கடுவன் குட்டியைக் கேட்டு வாங்கிப் போக ஆள் வரும். பெட்டைக் குட்டிக்கு ஏரிக்கரைதான், இல்லையென்றால் ரோட்டோரம். காரணம் கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில்: "பொட்டை நாய்னா தொல்லைப்பா. ஊர் நாயெல்லாம் வாசல்ல வந்து நிக்கும்."

அந்தத் தொல்லை வருடத்துக்கு எத்தனை நாள்? யாரும் கணக்குப் போட்ட மாதிரி தெரியவில்லை. நாம் போடுவோம்.

பெட்டை நாய் முதல்முறை பருவத்துக்கு வருவது பெரும்பாலும் 6 முதல் 12 மாத வயதுக்குள். அதற்குப் பிறகு சுமார் 6, 7 மாதத்துக்கு ஒருமுறை வரும். வருடத்துக்கு ஒரே முறை வருகிற நாய்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் நடப்பது இதுதான்:

1. முதல் ஒன்பது நாள் (சராசரிதான், கூடக் குறைய இருக்கும்): பிறப்புறுப்பு வீங்கும், ரத்தம் சொட்டும். கடுவன்கள் வாசனை பிடித்து வந்துவிடும். ஆனால் பெட்டை கிட்டே விடாது.

2. அடுத்த ஒன்பது நாள்: ரத்தம் குறைந்து வெளிறிப் போகும். இப்போதுதான் வாலை ஒதுக்கிக்கொண்டு இணை சேர நிற்கும். கரு தரிக்கிற நாட்கள் இவைதான்.

3. அடுத்த இரண்டு மாதம்: சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உடம்பில் ஓடுகிற ஹார்மோன் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் சில நாய்களுக்குச் சினை இல்லாமலே பால் சுரக்கும், செருப்பைக் குட்டி மாதிரி காவல் காக்கும். பேயும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை, பொய்ச்சினை.

4. பிறகு நான்கைந்து மாதம் ஓய்வு.

ஆக, கடுவன்கள் வாசலில் நிற்பது ஒரு தடவைக்கு மூன்று வாரம். இரண்டு தடவை என்றே வைத்தாலும் 42 நாள். மீதி 323 நாள் அது சாதாரண நாய். இந்த 42 நாளுக்குப் பயந்துதான் ஓர் உயிரைச் சாக்கில் கட்டுகிறோம்.

இதில் ஒரு பெரிய குழப்பம், "நாய்க்குத் தீட்டு" என்று சொல்வது. மனுஷிக்கு வருவது கரு தங்காத பிறகு வரும் உதிரம். நாய்க்கு வருவது கரு தரிக்கப் போவதற்கு முன்னால் வருகிற முன்னறிவிப்பு. இரண்டும் நேர் எதிர். தீட்டுக் கணக்கு பார்க்கிறவர்கள் ரத்தம் சொட்டும்போது நாயைக் கட்டி வைத்துவிட்டு, நின்றதும் "முடிஞ்சுது" என்று அவிழ்த்துவிடுகிறார்கள். சரியாகக் கரு தரிக்கிற வாரத்தில்! இரண்டு மாதம் கழித்துக் கொட்டகையில் ஆறு குட்டி. பிறகு நாயைத் திட்டுவது. தீட்டு என்று மூக்கைச் சுளிக்காமல் உற்றுப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. (மனுஷிக்கே தீட்டு பார்ப்பது சரியா என்பது தனிப் பதிவு.)

இன்னொன்று, இணை சேர்ந்த நாய்கள் மாட்டிக்கொண்டு நிற்கும்போது கல்லெறிவது. கடுவனின் உறுப்பில் ஒரு பகுதி வீங்குவதால் சில நிமிடங்களிலிருந்து அரை மணி வரைக்கும் பிரிய முடியாது. இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் காயம்தான். நம்ம பசங்க இதை ஒரு விளையாட்டாகச் செய்வது அசிங்கம். நாய் செய்வதில் அசிங்கம் இல்லை.

சரி, தூக்கிப் போட்ட குட்டிகள் என்ன ஆகின்றன? கொல்கத்தா ஐசர் ஆய்வாளர்கள் 2010 முதல் 2015 வரை மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இனம் பெருக்கும் வயது வரை பிழைத்தவை 19 சதவீதம்தான். செத்தவற்றில் பாதிக்கு மேல் மனிதர்களால் செத்தவை. பிழைக்கிற அந்தக் கொஞ்சம் பெட்டைகள்தான் அடுத்த வருடம் குட்டி போடுகின்றன. "தெருவில் நாய் பெருகிவிட்டது" என்று புலம்புகிற நாம்தான் அந்தத் தெருவுக்கு விதை நாய் சப்ளை செய்கிறோம்.

பழைய ஆட்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: நாய்க்கு மாதம் மார்கழி. (வங்காளிகள் பாத்ர மாதம் என்பார்கள், அது ஆகஸ்ட் - செப்டம்பர்.) நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். மார்கழியில் சேர்ந்தால் மாசியில் குட்டி. அந்த மாசிக் குட்டி அடுத்த மார்கழியில் பத்து மாதத்துப் பருவப் பெட்டை. அப்படியானால் கருத்தடைக்குச் சரியான காலம் ஆடி, ஆவணி, புரட்டாசி. பருவத்தில் இருக்கும்போது அறுத்தால் ரத்தப்போக்கு அதிகம் என்பதால் மருத்துவர்களும் முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

தெருநாய்க் கருத்தடைக்கு 2001-லேயே மத்திய அரசு விதிகள் வந்தன. 2023-ல் புதிய விதிகள் வந்தன. இரண்டிலும் பொறுப்பு உள்ளாட்சிக்குத்தான், நமக்கென்றால் கொம்யூன் பஞ்சாயத்துக்கு. 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும், வெறிநோய் வந்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. (பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையத்தில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது என்று நவம்பர் 7-ல் தனியாகச் சொன்னது.) என் கட்சி ஒன்றுதான்: யாரோ கடிபட்டுச் செய்தி வந்த பிறகு ஓடாமல், ஆடி மாதம் காலண்டரைப் பார்த்து ஓடுங்கள். பெட்டைகளை முதலில் பிடியுங்கள். குரும்பாபேட்டில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிற ஊர் இது. முகாம் போட ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டில் பெட்டை வளர்ப்பவர்களுக்கு: ரத்தம் பார்த்த நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். அதிலிருந்து குறைந்தது 21 நாள் உள்ளேயே இருக்கட்டும். "ஒரு தடவையாவது குட்டி போடணும், இல்லைன்னா நோய் வரும்" என்பதற்கு ஆதாரம் இல்லை. நோய் வருவது வேறு வழியில். பருவம் முடிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கோக்கலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகும். பருவத்தைத் தள்ளிப்போடுகிற ஹார்மோன் ஊசி அந்த ஆபத்தைக் கூட்டும். அறுவை செய்துவிட்டால் அந்தப் பயமும் இல்லை, வாசலில் கூட்டமும் இல்லை.

இந்த மாசியில் உங்கள் தெருவில் குட்டி போட்டால், "கடுவன் எத்தனை?" என்று கேட்காதீர்கள். "பெட்டைக்கு எப்போ ஆபரேஷன்?" என்று கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் வாங்க, பேசுவோம்.