பிளானைப் பார்த்து ஒட்டுறதுதானே?

"பிளானைப் பார்த்து ஒட்டுறதுதானே, இதுல நீங்க என்ன புதுசா செஞ்சீங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள், அதிலும் இலக்கியம் படிப்பவர்கள். ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் போய் 'ஒரிஜினலைப் பார்த்து எழுதுறதுதானே' என்று சொன்னால் இவர்களே சண்டைக்கு வருவார்கள். ஸ்வரக் குறிப்பை வைத்துக் கீர்த்தனை பாடம் பண்ணுகிறவரிடம் அப்படிக் கேட்க நாக்கு எழாது. ஆனால் பால்சா மரத்தில் ரேடியோ விமானம் கட்டுகிறவனிடம் தாராளமாகக் கேட்கலாம். ஏனென்றால் அது கைவேலை. கைவேலை என்றால் நம் அகராதியில் மூளை தேவைப்படாத வேலை.

சரி, பிளான் என்று எதைச் சொல்கிறோம் என்றாவது பார்த்துவிடலாம். ஜூனியர் 60 என்று ஒரு பழைய விமானம் உண்டு. இங்கிலாந்தின் கீல்கிராஃப்ட் நிறுவனத்துக்காக ஆல்பர்ட் ஹாட்ஃபுல் 1940-களில் வரைந்தது. இறக்கையின் மொத்த நீளம் 60 அங்குலம், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். பெயர் வந்தது அதனால்தான். ரேடியோவுக்காக வரையப்பட்ட விமானமும் இல்லை இது. எஞ்சினை முடுக்கிக் கையிலிருந்து விட்டால் தானே ஏறி, தானே மிதந்து, தானே இறங்க வேண்டும். பிறகு வந்தவர்கள் அதன் வயிற்றில் ரிசீவரையும் செர்வோவையும் வைத்தார்கள். இன்றைக்கும் அதைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மாதிரிப் பழைய பிளான் ஒன்றை மேசையில் விரித்துப் பாருங்கள். பல பிளான்களில் ஒரே ஒரு இறக்கைதான் இருக்கும். இன்னொன்றை யார் வரைவது? நீங்கள்தான். தாளின் மேல் சமையல் எண்ணெயைத் தடவினால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும். புரட்டிப் போட்டால் மறுபக்க இறக்கை தெரியும். இது பிளானில் எழுதியிருக்காது. தெரியாதவர்கள் இரண்டு இடது இறக்கை கட்டி வைத்துவிட்டு முழிப்பார்கள். ஸ்கேன் செய்த பிளானை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தால் அதில் ஒரு கண்ணி உண்டு. 100-க்குப் பதில் 98 சதவீதத்தில் அச்சாகியிருந்தால் 1500 மில்லிமீட்டர் 1470 ஆகும். அது பறக்கும், பிரச்சினை இல்லை. ஆனால் நீங்கள் வாங்கிய கால் அங்குலக் கட்டை சுருங்காதே! ரிப்பில் வெட்டிய பள்ளத்துக்குள் அது போகாது. அதனால் முதல் வேலை கத்தி எடுப்பது கிடையாது. ஸ்கேலை எடுத்து, அளவு எழுதியிருக்கும் ஏதாவது ஒரு கோட்டை அளப்பதுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மௌனம் மரத்தைப் பற்றியது. பிளானில் '1/16 அங்குல பால்சா ஷீட்' என்று மட்டும் போட்டிருக்கும். கடையில் அது 3 அங்குல அகலம், 36 அங்குல நீளத்தில் கிடைக்கும். ஏறக்குறைய 110 கன சென்டிமீட்டர். இலேசான பால்சாவாக இருந்தால் அந்த ஷீட் 11 கிராம், கனமானதாக இருந்தால் 22 கிராம். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கையில் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்தி, முடிந்தால் தராசில் வைத்துத்தான் பிரிக்க முடியும். கனமானது இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்கு, இலேசானது வாலுக்கு. வால் ஏன்? எடை மையத்திலிருந்து மூக்கு இருக்கும் தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் வால் இருந்தால், அங்கே வீணாகச் சேர்ந்த 10 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். மொத்தம் 40 கிராம் செத்த எடை, ஒரு தப்பான ஷீட்டால்.

எடை மட்டுமா? அடிமரத்தை அறுத்த கோணத்தைப் பொறுத்து ஒரு ஷீட் குறுக்கே விறைப்பாக, மினுமினுப்பான புள்ளிகளோடு இருக்கும். அது ரிப்புக்கு ஆகும். இன்னொன்று பாய் மாதிரி வளையும். அதை மூக்குப் பக்கத்து வளைவில் போர்த்தலாம். மாற்றி வைத்தால் ரிப் வளையும், மூக்கு உடையும். அப்புறம் வாஷவுட். இறக்கை நுனியின் பின்விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி முறுக்கிக் கட்டுவார்கள். வேகம் குறையும்போது நுனி கடைசியில்தான் தூக்குவிசையை இழக்கும், விமானம் ஒரு பக்கமாகச் சுருண்டு விழாது. சில பிளான்களில் இதற்கு ஒரு சின்ன ஆப்பு வரைந்திருப்பார்கள், விளக்கம் ஒரு சொல். அந்த ஆப்பு எதற்கென்று புரியாதவர் அதைக் கறை என்று நினைத்துவிடவும் கூடும். இவ்வளவையும் நிரப்பிப் படிப்பதற்குத்தான் 'பார்த்து ஒட்டுறது' என்று பெயர். வரிகளுக்கு நடுவில் வாசிப்பது பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இதை வாசிப்பு என்று ஒப்புக்கொள்வதில் என்ன தயக்கம்?

தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தச்சர் மரத்தை இழைத்தால் கூலி வேலை. ஐடி கம்பெனிக்காரர் ஞாயிற்றுக்கிழமை இழைத்தால் ஹாபி. டிகிரி வாங்கியவர் இழைத்தால் டிசைன். கத்தி, பசை, மரம் எல்லாம் ஒன்றேதான், ஆள் மட்டும்தான் வேறு. இதைச் சாதி என்ற சொல்லைத் தொடாமல் பேச முடியாது. யார் கை அழுக்காக வேண்டும் என்று பிறப்பிலேயே முடிவு செய்த சமூகம், அறிவு கையில் குடியிருக்கும் என்று நம்பாது. இரண்டாம் உலகப் போரின் மிக வேகமான விமானங்களில் ஒன்றான டி ஹாவிலாண்ட் மாஸ்கிட்டோவின் உடல், நடுவில் பால்சா, இரு பக்கமும் பிர்ச் பிளைவுட். அதன் பாகங்களைச் செய்து கொடுத்தவர்களில் இங்கிலாந்தின் நாற்காலி மேசைத் தச்சர்களும் பியானோ செய்பவர்களும் இருந்தார்கள். அதை யாரும் ஹாபி என்று சொல்லவில்லை.

நம் ஊரில் எம்.ஐ.டி.யில் படித்தபோது அப்துல் கலாமுக்கு மூன்று நாள் கெடு விதிக்கப்பட்ட கதை எல்லாப் பள்ளியிலும் சொல்லப்படுகிறது. மோட்டிவேஷன் பேச்சாளர்கள் அதை விடாமுயற்சிக் கதையாக விற்றுவிட்டார்கள். அந்த மூன்று நாளும் அவர் குனிந்து கிடந்தது வரைபலகையில், ஒரு விமானத்தின் வரைபடத்தின் மேல் என்பது யாருக்கும் நினைவில்லை. அஜித் மாடல் விமானம் ஓட்டுவார், எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகராக இருந்தார் என்பது மட்டும் மனப்பாடம். ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், அவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

என் கூட்டத்தாரையும் சும்மா விட முடியாது. பால்சா கட்டுகிற சிலர் ஃபோம் விமானம் வாங்குகிறவர்களைத் தீண்டத் தகாதவர்களைப் போலப் பார்க்கிறார்கள். இதுவும் அதே நோய்தான். பறக்கக் கற்றுக்கொள்ள ஃபோம்தான் நல்லது. பத்து முறை விழும், பத்து முறை ஒட்டலாம். பால்சா என்றால் இயற்கை, தூய்மை என்று உருகுகிறவர்கள் எக்வடோரை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். உலகச் சந்தையின் பெரும்பகுதி பால்சா அங்கிருந்துதான் வருகிறது. 2019, 2020-இல் காற்றாலை இறக்கைகளின் உள்ளீட்டுக்காகச் சீனாவிலிருந்து தேவை எகிறியபோது விலையும் எகிறியது, அமேசான் பழங்குடிகளின் நிலங்களுக்குள்ளும் புகுந்து வெட்டினார்கள். விமானம் கட்டுகிறவர்களுக்கு அப்போது வந்த ஒரே கவலை ஷீட் கிடைக்கவில்லை என்பதுதான்.

என் உண்மையான கோபம் வேறு இடத்தில். ஏரோநாட்டிக்கல் பொறியியல் இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பது சென்னையில் ரகசியமே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் நான்கு பேர் சேர்ந்து ரெடிமேட் விமானம் ஒன்றை வாங்கி, கம்பெனி ஸ்டிக்கரை உரித்து, தங்கள் பெயரை ஒட்டினார்கள். அறிக்கை மட்டும் எண்பது பக்கம், அதில் பாதி காற்றியக்கவியல் சூத்திரங்கள். மதிப்பெண் நன்றாகவே வந்தது. அந்தப் பையன்களைத் திட்ட எனக்கு மனமில்லை. எண்பது பக்கம் எழுதினால் அறிவு, எண்பது ரிப் வெட்டினால் கூலி வேலை என்று அவர்களுக்கு யாரோ முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வைவாவில் உட்காரும் பேராசிரியர்களுக்கு ஒன்று சொல்லலாம். சூத்திரம் எதையும் கேட்க வேண்டாம். மேசையில் ஒரு சமையலறைத் தராசை வைத்துவிட்டு, "தம்பி, உன் இடது இறக்கை எத்தனை கிராம், வலது எத்தனை, ரெண்டுக்கும் ஏன் வித்தியாசம்?" என்று மட்டும் கேளுங்கள்.