தகப்பன் இல்லாத வீடு பாதி வீடா?

பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபமும் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

"பாவம், அப்பா இல்லாத பிள்ளை." இந்தப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தாய் தனியாக நடத்தும் வீடு நம் திருப்பத்தூருக்குப் புதிதா? மலையிலிருந்து ஆண்கள் கேரளாவுக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். சிலர் திரும்பி வருவதே இல்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 கூலிக்காரர்கள் செத்தார்கள். எல்லாரும் தமிழ்நாட்டு ஆட்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீடுகளில் உலை வைத்தது யார்? கீழே வந்தால், ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனி வண்டிக்காக விடிவதற்குள் நிற்கிற பெண்களிலும் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் உண்டு.

"என் குடும்பம்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் எப்படி எழுதும் தெரியுமா? "எங்கள் வீட்டில் நாலு பேர். அம்மா, ஆயா, நான், ஆடு." வீட்டில் இருப்பவர்களைத்தான் பிள்ளை எண்ணுகிறது. இல்லாதவரைச் சேர்த்து எண்ணிப் பிறகு கழிப்பது நாம்தான். ஆனால் அந்த அம்மாக்கள் என்னிடம் வந்து, "பிள்ளைக்குக் குறை வெச்சுட்டேன் டீச்சர்" என்று அழுவார்கள். அந்தக் குறையை அவள் மனதில் போட்டது பிள்ளையா, ஊரா?

கல்யாண வீட்டைப் பாருங்கள். கூலிக்குப் போய்ப் படிக்கவைத்து, குண்டுமணி குண்டுமணியாக நகை சேர்த்தவள் ஓரமாக நிற்க வேண்டுமாம். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத பெரியப்பா தாரை வார்ப்பாராம். பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று கல்யாணப் பெண்ணை யாராவது கேட்டீர்களா?

1956ஆம் வருஷச் சட்டம், காப்பாளர் முதலில் அப்பா, அவருக்குப் பிறகே அம்மா என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், பிள்ளையைத் தகப்பன் கவனிக்காவிட்டால் அவர் உயிரோடு இருக்கும்போதே அம்மா காப்பாளர் ஆகலாம் என்று விளக்கியது. 2015இல், மணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலே காப்பாளர் ஆகலாம் என்றது. கோர்ட்டே இறங்கி வந்துவிட்டது, மண்டபத்துப் பெரியவர்கள்தான் இன்னும் வரவில்லை.

"அப்பா கண்டிப்பு இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும்" என்பீர்கள். அப்பா இருந்தும், கூலி முழுவதும் டாஸ்மாக்கில் போன வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புகிற ஒரு ஆள் போதும் பிள்ளைக்கு. அந்த ஆளுக்கு மீசை இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை.

"சிங்கப்பெண்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவள் காய்ச்சலில் படுத்தால் அன்று கூலி கிடையாது. உங்கள் பாராட்டை உலையில் போட முடியுமா? ரேஷன் கடைக்குப் போய் வாருங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். அது போதும்.

ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்களே, முதல் நாள் வகுப்பில் "அப்பா என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். "வீட்டில் யார் யார் இருக்கீங்க?" என்று கேளுங்கள். சொந்தக்காரர்களே, ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போகிறீர்கள். வளர்த்தவள் பெயரை முதலில் போடுங்கள், மணவறையிலும் அவளையே நிற்க வையுங்கள்.

ஆசீர்வாதங்களுடன்,
உங்கள் டீச்சர்