மண்ணைப் படித்தால் வேலை இல்லையா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் மதுரைப் பக்கம் கீழக்குயில்குடி, நாகமலை புதுக்கோட்டை டீக்கடைகளில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். "ஈசிஇ எடுத்தா எந்தப் பக்கமும் போய்க்கலாம். மண்ணு, மலை, சுற்றுச்சூழல்னு படிச்சா வேலை கிடையாது. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல." மூன்று வாதங்கள். கடைசியிலிருந்து தொடங்குகிறேன், தவறு அங்கேதான் அதிகம்.

ஒட்டுறவு இல்லையாம். ஈசிஇ மாணவர் மின்காந்தப் புலம் என்ற பாடத்தில் ஒப்புமை விடுதிறன் (relative permittivity) என்று ஒன்றைப் படிப்பார். காய்ந்த மண்ணுக்கு அது சுமார் 3 முதல் 5 வரை, தண்ணீருக்கு 80. ரேடார் அலை ஈர மண்ணில் பட்டால் கூடுதலாகத் திரும்புவது இதனால்தான். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள், 24 செ.மீ. அலைநீளம் கொண்ட எல் பேண்ட், அதைவிடக் குறுகிய எஸ் பேண்ட் என இரண்டு ரேடார்களைச் சுமக்கிறது. நீண்ட அலை இலைதழைகளை ஊடுருவிக் கீழே உள்ள மண் வரை போகும். ஆன்டெனாவை வடிவமைப்பது ஒரு படிப்பு. திரும்பி வந்த எண்ணைப் பார்த்து, நனைந்த வயலா, கரம்பா, வெறும் பாறையா என்று சொல்வது இன்னொரு படிப்பு.

மழை வலுத்தால் டிடிஎச் படம் உறைந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் மழைத்துளிகள் அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. தகவல்தொடர்புப் பொறியாளர் கணக்கில் அது இழப்பு. 2006-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஹாகிட் மெஸ்ஸர் குழுவினர், செல்போன் கோபுரங்களுக்கு இடையே ஏற்படும் அதே இழப்பை வைத்துப் பெய்த மழையைக் கணக்கிட முடியும் என்று 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். புதிதாக ஒரு கருவியும் நடவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறிப் பாருங்கள், பாறை மேல் ஊற்று. மதுரைச் சுற்றுவட்டாரம் பெரும்பாலும் கடும்பாறை நிலம். தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான். போர் போடுமுன் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். (தேங்காய் பொய்த்தாலும் கூலி பொய்ப்பதில்லை.) மின்தடை ஆய்வில் நான்கு கம்பிகளை மண்ணில் அடித்து, இரண்டில் மின்சாரம் செலுத்தி, மற்ற இரண்டில் மின்னழுத்தம் அளப்பார்கள். மீட்டர் செய்வது மின்னணுக்காரர் வேலை. தடை குறைந்தால் தண்ணீர் என்று எழுதிவிட முடியாது. களிமண்ணும் உப்புநீரும் அப்படியேதான் காட்டும். இது எது என்று பிரித்துச் சொல்ல அந்த மண்ணைப் படித்த ஒருவர் வேண்டும். அவர் சொல்வது தவறினால் விவசாயிக்கு லட்சங்களில் நட்டம்.

அடுத்தது வேலை. வளாகத் தேர்வுக்கு வந்து அள்ளிக்கொண்டு போகும் நிறுவனங்கள் இந்தத் துறைக்கு வருவதில்லை என்பது உண்மை. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சிரமம் என்பதும் உண்மை. அதற்காகக் கதவே இல்லை என்பது சரியல்ல. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்க யூபிஎஸ்சி தனித் தேர்வே நடத்துகிறது. புவியமைப்பியல், புவி இயற்பியல், நீர்நிலவியல் போன்றவற்றில் முதுகலை கேட்பார்கள். சுற்றுச்சூழல் பட்டம் மட்டும் இருந்தால் அங்கே செல்லாது. இதைச் சேரும்போதே யாரும் சொல்வதில்லை. கேட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் 2021-இலும், ஜியோமேட்டிக்ஸ் 2022-இலும் தனித் தாள்களாகச் சேர்ந்தன.

இந்தப் படிப்பின் தேவையை மேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் அந்தப் பகுதியின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் சிக்கியது தெரிந்து ஊர்கள் கொதித்தன. டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் எல்லையை மறுபடி பார்க்கச் சொன்னது புவியியல் ஆய்வுத் துறையைத்தான். 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது.

'ஈசிஇ எந்தப் பக்கமும் போகும்' என்பதற்குப் பதில் சுருக்கமானது. போகும் பக்கம் பெரும்பாலும் மென்பொருள். அந்த நிறுவனங்கள் சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளையும் அதே வரிசையில் எடுக்கின்றன. இதில் ஈசிஇக்கு என்ன தனிப் பெருமை? கம்பியில்லாத் தொடர்பையே தொழிலாகக் கொள்ள நினைப்பவருக்கு, அந்தத் துறையில் ஆய்வு நடத்தும் தியாகராசர் பொறியியல் கல்லூரி திருப்பரங்குன்றத்திலேயே இருக்கிறது. மண்ணைப் படிக்க நினைப்பவருக்குப் பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கீழக்குயில்குடிக்கு இரண்டுமே கிட்ட. ஈசிஇ சேரும் பிள்ளை, தொலையுணர்வை விருப்பப் பாடமாக எடுக்க முடியுமா, நடத்த ஆள் இருக்கிறாரா என்று சேர்க்கை அன்றே கேட்கட்டும். புவி அறிவியல் சேரும் பிள்ளை, ரேடார் தரவைத் திறந்து பார்க்கக் கணினி ஆய்வகம் உண்டா என்று கேட்கட்டும்.