ஏலக்காய் வாயை மறைக்கும், சட்டையை...?

மாலை 6 மணிக்கு மேல் தாம்பரம் மின்சார ரெயிலில் ஏறிப் பாருங்கள். ஏலக்காய், பாக்கு, மிட்டாய் என்று ஆளுக்கு ஒன்றை மெல்லுகிறார்கள். எதற்கு? வீட்டில் சிகரெட் வாடை தெரியக்கூடாதாம்!

மிட்டாய் வாயோடு சரி. கடைசி இழுப்புக்குப் பிறகும் சில நிமிஷம் நெஞ்சிலிருந்து புகை வந்து கொண்டுதான் இருக்கும். சட்டையில், தலைமுடியில், விரலில் நிகோடின் படிந்து ஒட்டிக் கொள்ளும். அதன் மேல் சென்ட் அடித்தால் இரண்டு வாடை, அவ்வளவுதான்! வீட்டுக்கார அம்மா மூக்கை ஏமாற்ற முடியுமா, சார்?

மூக்கு கிடக்கட்டும். வாசலிலேயே "அப்பா" என்று ஓடி வந்து தோளில் முகம் புதைக்கிறதே, அந்தக் குழந்தை? கைப்பிள்ளை சட்டைக் காலரையே சப்பும். ஒட்டியிருக்கிற விஷமும் சேர்ந்து உள்ளே போகும்.

பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2-ந்தேதி முதல் நாடு முழுக்கத் தடை. ஆனாலும் பெட்டிக்கடை ஓரம் ஊதுகிறார்கள். பக்கத்தில் சும்மா டீ குடிக்கிறவர் சட்டையும் நாறுகிறது. வீட்டில் திட்டு அவருக்கும்தான், பாவம்!

விட்டுத் தொலைத்தால் நல்லது. முடியாதவர்கள் இதையாவது செய்யுங்கள். போனதும் சட்டையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கொடியில் மாட்டி மறுநாளும் போடுகிற வேலை வேண்டாம். கை, முகம், மீசை (மீசையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்) சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தையைத் தூக்குவது அப்புறம்.