விளையாட்டுப் பதிவும் வீட்டுப் பணமும்



2022-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் தம் பதினெட்டாம் வயதில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்தை வென்றார். இவற்றுக்குப்பின் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டும் தந்தையும், திருச்சுழிப் பக்கத்தில் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் தாயும், தம் பிள்ளை சதுரங்கம் கற்க வேண்டும் என்று விரும்புவதில் வியப்பில்லை. நல்ல விருப்பமே. ஆயினும் போட்டியில் காயை நகர்த்துமுன் மற்றொன்றைச் செய்ய வேண்டியிருக்கின்றது. மன்றத்தின் இணையதளத்தில் பெயரைப் பதிய வேண்டும். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பள்ளி, தந்தையின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், ஒரு கடவுச்சொல், சிற்சில இடங்களில் ஆதார் எண்ணும்கூட.

இந்தப் பதிவேடு கள்வர் கையில் சிக்கினால் என்ன ஆகும்? “விளையாட்டு மன்றந்தானே, வங்கியா என்ன? இதில் திருடுவதற்கு யாது உளது?” என்று கேட்பவர்களே மிகுதி. அந்தக் கேள்விக்கு விடை கூறவே இம்மாதம் எழுத முற்பட்டேன்.

உலகெங்கும் கோடிக்கணக்கானோர் சதுரங்கம் ஆடும் செஸ் டாட் காம் என்னும் தளத்தின் பயனர்களுள் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் விவரங்கள் 2023 நவம்பரில் களவு விவரங்கள் கைமாறும் ஒரு தளத்தில் வெளியாயின. பெயர், பயனர் பெயர், மின்னஞ்சல், நாடு ஆகியவை அவற்றுள் இருந்தன, கடவுச்சொற்கள் இல்லை. இதில் நாம் கருத்தூன்ற வேண்டியது, கள்வர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை என்பதே. நண்பர் ஒருவரின் மின்னஞ்சலைக் கொடுத்தால், அவர் இத்தளத்தில் ஆடுகின்றாரா என்று தேடித்தரும் வசதி ஒன்று அங்கே இருந்தது. வேறு எங்கோ முன்னரே கசிந்திருந்த மின்னஞ்சல்களை அந்த வசதியிடம் கூட்டங்கூட்டமாகக் கொடுத்துக் கேட்டனர். தளமும் இன்னார் இன்னார் என்று விடை கூறிக்கொண்டே இருந்தது. பழைய கசிவு ஒன்று புதிய கசிவைப் பெற்றது. 2025-இல் அதே நிறுவனத்திற்கு மற்றொரு சோதனையும் நேர்ந்தது. அது பயன்படுத்திய வேறொரு நிறுவனத்தின் கோப்பு அனுப்பும் மென்பொருள் வழியே 4,500-க்குச் சற்று மேற்பட்டோரின் விவரங்கள் வெளியாரின் பார்வைக்குச் சென்றன.

ஆக, ஒரு கசிவைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு ‘இது சிறியது’ என்று அமைதி கொள்வது தவறு. நம் மாநிலத்தின் பொது விநியோகத் திட்டத்தைச் சார்ந்த ஏறத்தாழ 50 இலட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியாகியுள்ளன என்று 2021-ஆம் ஆண்டில் செய்தி வந்தது. ரேஷன் அட்டை விவரத்தோடு பிள்ளையின் பள்ளிப் பெயரும் போட்டி நடைபெறும் நாளும் சேர்ந்தால் எவ்வளவு நம்பத்தக்க பொய்யைக் கட்டலாம் என்று எண்ணிப் பாருங்கள்! பிள்ளையை விளையாட்டினின்று நிறுத்திவிடுவதும் தீர்வாகாது. சதுரங்கத்தை நிறுத்தலாம், ரேஷன் அரிசியை நிறுத்த இயலுமா?

கடவுச்சொல்லைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். ஒழுங்காக நடத்தப்படும் தளம் நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை; அதை அரைத்து மாவாக்கி வைக்கின்றது. மாவைத் திருடியவன் அதிலிருந்து அரிசியை மீட்க முடியாது. ஆனால் அவன் தன் வீட்டில் பல்லாயிரம் சொற்களை அதே முறையில் அரைத்து, எந்த மாவு இதனோடு ஒத்திருக்கின்றது என்று பார்க்கலாம். இதைத் தடுக்க ஒவ்வொருவர் கடவுச்சொல்லுடனும் வெவ்வேறு எழுத்துகளைக் கலந்து அரைப்பர். கணினித் துறையினர் இதற்கு ‘உப்பு’ என்றே பெயரிட்டிருப்பது நம் தாய்மார்களுக்கு மகிழ்ச்சி தரும். எனினும், கடவுச்சொல் மகன் பெயரும் அவன் பிறந்த ஆண்டுமாக இருந்தால் உப்பாலும் அதைக் காக்க இயலாது. பதிவேட்டிலேயே அவ்விரண்டும் இருக்கின்றனவே! சிறு மன்றங்கள் பல, அரைப்பதுமில்லை, உப்பிடுவதுமில்லை. எக்செல் தாளில் அப்படியே எழுதி வைத்துவிடுகின்றன.

இனி நம் கரிசல் நாட்டுக்கே உரிய ஆபத்துக்கு வருகின்றேன். மழை பொய்த்துக் கண்மாய் வற்றிய ஆண்டுகளில் இங்குள்ள குடும்பங்கள் பிழைப்புக்காகப் பிரிந்து வாழ்கின்றன. தந்தை திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். தாயும் பிள்ளைகளும் ஊரில் இருப்பர். வங்கிக் கணக்கு, எரிவாயு, பள்ளி, போட்டிப் பதிவு ஆகிய எல்லாவற்றிற்கும் தந்தையின் எண் ஒன்றே கொடுக்கப்பட்டிருக்கும். மகள் இங்கே பதிவு செய்தால் ஓ.டி.பி. எண் அங்கே அவர் கைப்பேசிக்குச் செல்கின்றது. “அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கப்பா” என்று இவள் கேட்க, அவர் வேலையினிடையே படித்துச் சொல்கின்றார். இதை நான் குறை கூறவில்லை. பிரிந்து வாழும் குடும்பத்திற்கு வேறு வழி ஏது? ஆனால் ஓ.டி.பி.யை வாயால் சொல்வது அவ்வீட்டில் பழக்கமாகிவிட்டது. யாரிடமும் சொல்லாதீர் என்று வங்கி எத்தனை முறை எச்சரித்தாலும், வாரந்தோறும் செய்யும் செயலை மனம் ஆபத்தென்று கருதுவதில்லை.

இப்போது அந்தத் தந்தையை ஒருவன் அழைக்கின்றான். “சார், உங்கள் மகள் ஏழாம் வகுப்பு, இன்ன பள்ளி, சதுரங்கப் போட்டியில் அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியிருக்கின்றாள். பயணப்படி அனுப்புகின்றோம். உறுதி செய்ய ஒரு நம்பர் வரும், சொல்லுங்கள்.” பெயர் சரி, வகுப்பு சரி, பள்ளி சரி. தொலைவில் வாழும் தந்தைக்கு மகளின் வெற்றியைவிட இனிய செய்தி எது? நெஞ்சம் குளிர்ந்திருக்கும் அந்த நொடியில் அவர் எண்ணைச் சொல்லிவிட்டால், மூன்று மாத உழைப்பின் சேமிப்பு மறைந்துவிடும். இவ்வாறு ஏமாறுபவரை அறிவிலி என்று ஏசுவோர் உளர். அவ்வேச்சு எனக்கு உடன்பாடன்று. அன்பைத்தான் அந்தக் கள்வன் கருவியாக்கினான்.

ஆதலால் இவ்வீடுகளில் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்ளுங்கள். வந்த அழைப்பில் எந்த எண்ணையும் சொல்வதில்லை. தாமே வீட்டு எண்ணுக்குத் திரும்ப அழைத்து, மனைவியின் அல்லது மகளின் குரலைக் கேட்ட பின்னரே சொல்வது என்று தந்தை உறுதி கொள்ளட்டும். சொல்லுமுன் அந்தக் குறுஞ்செய்தியை முழுமையும் படிக்கட்டும். பதிவுக்கான எண்ணா, பணம் எடுப்பதற்கான எண்ணா என்பது பெரும்பாலும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். குடும்பத்தாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொள்வது இன்னும் நன்று. பாட்டியின் பட்டப்பெயராகவும் அது இருக்கலாம். எந்தப் படிவமும் அதைக் கேட்பதில்லை.

பணம் போய்விட்டது என்று அறிந்தால் அழுதுகொண்டிராமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழையுங்கள். வங்கிக்கும் அப்போதே தெரிவியுங்கள். கணவருக்குத் தெரிந்தால் கோபிப்பார் என்று மறைத்துவைக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவிக்கொண்டிருக்கும். விரைவுக்கு மற்றொரு காரணமும் உண்டு. வாடிக்கையாளரே கவனக்குறைவால் இரகசிய எண்ணைச் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு அவரைச் சாரும், தெரிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கையில் கூறியது.

கசிவு நேர்ந்ததாக மன்றம் அறிவித்தால், முதலில் அங்கே கொடுத்திருந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதையும் அன்றே மாற்றுங்கள். மின்னஞ்சல் ஒருவன் கைக்குப் போனால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை அதன் வழியே அவன் மாற்றிக்கொள்ள முடியும். உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் காணலாம். வயதுச் சான்றாக ஆதார் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள். அதையும் ஆதார் தளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம்.

போட்டி நடத்தும் மன்றத்தாருக்கும், நம் பங்கு இளைஞர் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் பிள்ளைகளாகவே கொள்கின்றது. அவர்தம் விவரத்தைப் பெறப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கின்றது. காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. தண்டத் தொகையோ அரசின் கருவூலத்திற்குச் செல்லுமேயன்றி, பணத்தை இழந்த குடும்பத்திற்கு வாராது. இது பெருங்குறை என்றே நான் கருதுகின்றேன்.

ஆகவே மன்றத்தாரே, தேவையற்றதைக் கேட்காதீர்கள். பதினோரு வயதுப் பிள்ளை குதிரையையும் யானையையும் நகர்த்த ஆதார் எண் எதற்கு? ஆட்ட அட்டவணையை வாட்ஸப் குழுவில் இடும்போது பெயரும் பள்ளியும் போதும். கைப்பேசி எண் இருக்கும் பத்தியை நீக்கிவிட்டு அனுப்புங்கள். பரிசளிப்பு முடிந்து, வர இயலாத பிள்ளைகளுக்குச் சான்றிதழும் அனுப்பியானபின், அந்த எக்செல் தாளைப் பதிவு செய்தவரின் கணினியிலும், அவர் பிரதி எடுத்த பென் டிரைவிலும், நுழைவுக் கட்டணம் வாங்கியவரின் கைப்பேசியிலும் அழித்துவிடுங்கள்.