டிக்கட் பரிசோதகரின் அதிகார எல்லை

விருத்தாசலத்திலிருந்து கடலூர்த் துறைமுகத்திற்குச் செல்லும் ரயில் பாதையில் உள்ளது நெய்வேலி ஸ்டேஷன். 1956-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டு, இப்பொழுது என்.எல்.சி. இந்தியா என்ற பெயர் தாங்கி நிற்கும் பழுப்பு நிலக்கரி ஸ்தாபனத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக எழுந்த நகரத்து ஜனங்கள், கடலூருக்கும் பண்ருட்டிக்கும் விருத்தாசலத்திற்கும் போகவர இந்த ரயிலைவிடப் பஸ்ஸையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். ரயிலாயினும் பஸ்ஸாயினும் ஒரு காட்சி மட்டும் மாறுவதில்லை. பரிசோதகர் ஏறியதும் வண்டியில் பேச்சு அடங்கிவிடுகிறது. டிக்கட் வாங்காதவர் முகம் வெளிறுவது இயற்கையே. வாங்கியவரும் ஏன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு திருடனைப்போல் விழிக்கிறார்? டிக்கட் தவறிப்போய்விட்டால் தன்னை என்ன செய்வார்களோ என்று அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் காரணம். அடிக்கலாமா, வழியில் இறக்கிவிடலாமா, மூட்டையைப் பறித்துக்கொள்ளலாமா என்பவை அவர் அறியாத விஷயங்கள். பல சமயங்களில் பரிசோதகரும் அறியார் என்று சொல்ல வேண்டியிருப்பது வருந்தத்தக்கது.

டிக்கட்டின்றிப் பிரயாணம் செய்வோருக்கு நாம் வக்காலத்து வாங்க வந்தோம் என்று எவரும் எண்ணவேண்டாம். சுதந்திரம் வந்தவுடன் ரயில் நம்முடையதாகிவிட்டது, இனி டிக்கட் எதற்கு என்று சிலர் புறப்பட்டபோது காந்தியடிகள் அதை வன்மையாகக் கண்டித்தார். பொதுச் சொத்தைத் திருடுவது அந்நியன் சொத்தைத் திருடுவதைவிட எவ்வகையிலும் குறைந்த குற்றமன்று. பரிசோதகர் உத்தியோகமும் லேசானதன்று. 2024-ம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி, எர்ணாகுளத்திலிருந்து பாட்னா செல்லும் எக்ஸ்பிரஸில், திருச்சூருக்கு அருகே, டிக்கட் கேட்ட குற்றத்திற்காக ஒரு பரிசோதகர் ஓடும் வண்டியிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்டார். கடமையைச் செய்யும் ரயில்வே ஊழியரைத் தடுப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 146-வது பிரிவு இடமளிக்கிறது. அந்தப் பாதுகாப்பு அவருக்கு அவசியமே. ஆனால் அதே சட்டம் பிரயாணிக்கும் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. அவற்றை ஸ்டேஷன் சுவரில் எழுதிவைக்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியர் கேட்டால் பிரயாணி டிக்கட்டைக் காட்டவேண்டும் என்பது 54-வது பிரிவு. டிக்கட்டோ பாஸோ இல்லாமல் வண்டியில் ஏறலாகாது என்பது 55-வது பிரிவு. ஆயினும் இந்த 55-வது பிரிவிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. உரிய ஊழியரிடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெற்று, பின்னர் கட்டணம் செலுத்துவதாக ஒப்புக்கொண்டவருக்கு ஓர் அத்தாட்சிச் சீட்டு கொடுக்கலாம். அச்சீட்டு வைத்திருப்பவரிடம் அதிகப்படிக் கட்டணம் வசூலிக்கக்கூடாது. ஜன்னலில் வரிசை நீண்டு, வண்டி வந்து நிற்கிற நேரத்தில் இந்த வசதி இருக்கிறதென்று அறிந்த பிரயாணிகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று நாம் கேட்கத் தேவையில்லை.

டிக்கட்டில்லாதவர்களையும் சட்டம் இரு வகையாகப் பிரிக்கிறது. ஏமாற்றும் நோக்கத்துடன் ஏறியவர் 137-வது பிரிவின்கீழ் குற்றவாளி. அவருக்கு ஆறு மாதம் வரை சிறையுண்டு. அந்த நோக்கமின்றி, எக்காரணத்தாலோ டிக்கட் காட்ட முடியாதவர் 138-வது பிரிவின்கீழ் வருகிறார். அவர் செலுத்த வேண்டியது பிரயாணக் கட்டணமும், அதற்குச் சமமான தொகை அல்லது குறைந்தபட்சம் 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதுவும். சட்டம் இயற்றப்பட்டபோது இக்குறைந்தபட்சம் 50 ரூபாயாயிருந்து பின்னர் உயர்த்தப்பட்டது. பத்து ரூபாய்ப் பிரயாணத்திற்கு 260 ரூபாய் என்பது கூலிக்காரருக்குச் சிறு தொகையன்று. எங்கே ஏறினார் என்பதில் சந்தேகமிருந்தால், வண்டி புறப்பட்ட ஸ்டேஷனிலிருந்தோ, வழியில் முன்னரே பரிசோதனை நடந்திருந்தால் அவ்விடத்திலிருந்தோ கணக்கிடலாம்.

கொடுக்க மறுத்தால் என்ன? இங்கேதான் பரிசோதகரின் கை நின்றுவிடுகிறது. அவர் மாஜிஸ்ட்ரேட்டிடம் விண்ணப்பம் செய்துகொள்ளலாம். அத்தொகை செலுத்தற்குரியதுதான் என்று திருப்தியடைந்தால் மாஜிஸ்ட்ரேட் அதை அபராதம்போல் வசூலிக்க உத்தரவிடுவார். செலுத்தத் தவறினால் பத்து நாளுக்குக் குறையாமலும் ஒரு மாதத்திற்கு மேற்படாமலும் சிறைவாசம் விதிக்கலாம். விதிப்பவர் மாஜிஸ்ட்ரேட் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கைது செய்வதற்கும் சர்க்கார் பிரத்தியேக உத்தரவினால் அதிகாரமளித்த உத்தியோகஸ்தர் வேண்டும்; கைதானவரை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். கன்னத்தில் அறைவதற்கோ, உடையைச் சோதிப்பதற்கோ, கைப்பேசியையும் கைப்பையையும் ஈடாகப் பிடித்து வைத்துக்கொள்வதற்கோ, பத்துப் பேர் நடுவே நிற்கவைத்து வசைபாடுவதற்கோ நாம் மேலே சொன்ன பிரிவுகளில் எந்த மூலையிலும் இடமில்லை.

வண்டியிலிருந்து இறக்கிவிடும் அதிகாரம் ஒன்றுண்டு. அது 139-வது பிரிவு. கட்டணமும் அதிகப்படியும் கொடுக்க மறுப்பவரை இறக்கிவிடலாம். அதற்குப் பிறர் உதவியையும் நாடலாம். ஆனால் மேல் வகுப்பிலிருந்து இறக்கப்பட்டவர், தம்மிடமுள்ள டிக்கட்டுக்குரிய வகுப்பில் ஏறிப் பிரயாணத்தைத் தொடர்வதை யாரும் தடுக்க முடியாது. அதற்கடுத்து ஒரு நிபந்தனை வருகிறது. ஆண் துணையின்றிச் செல்லும் ஸ்திரீயையோ குழந்தையையோ நினைத்த இடத்தில் இறக்கிவிடலாகாது. அவர் பிரயாணம் தொடங்கிய ஸ்டேஷன், ஒரு ஜங்ஷன், வண்டி சென்று முடியும் ஸ்டேஷன், ஜில்லாத் தலைநகர ஸ்டேஷன் ஆகியவற்றில் மட்டுமே இறக்கலாம். அதுவும் பகல் வேளையில் மட்டுமே.

இதை நமது பாதையில் வைத்துப் பார்த்தால் அதன் பொருள் நன்கு விளங்கும். விருத்தாசலத்தில் ஏறிக் கடலூர் நோக்கிச் செல்லும் ஒரு பெண்ணிடம் டிக்கட் இல்லையென்று வைத்துக்கொள்வோம். விருத்தாசலம் ஜங்ஷன், கடலூர் ஜில்லாத் தலைநகரம். இடையில் நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி ஆகிய எதுவும் ஜங்ஷனுமன்று, தலைநகரமுமன்று. ஆகவே நெய்வேலியில் அவளை இறக்கிவிட எந்தப் பரிசோதகருக்கும் அதிகாரமில்லை. தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞான சபைக்கு ஜனங்கள் திரளும் கூட்டத்திலும் இல்லை. இரவானால் கடலூரிலும் இல்லை. அவளிடமிருந்து பணம் வரவேண்டுமானால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டு இருக்கிறது. பத்து வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூட அட்டையைத் தொலைத்துவிட்டு நின்றாலும் இதே கதைதான். ஒரு குழந்தையை அந்தி மயங்கும் வேளையில் ஆளரவமற்ற பிளாட்பாரத்தில் தள்ளிவிட்டு வண்டி புறப்பட்டுப் போய்விட்டால் அதற்கு என்ன நேரும் என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். வண்டியில் நடமாடுகிறவர்களும் யோசிக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

பஸ்ஸின் சங்கதி வேறு. அதற்கு 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. பஸ்ஸுக்குள்ளேயே டிக்கட் தரும் ஏற்பாடு இருக்குமானால் பிரயாணி டிக்கட்டின்றி ஏறலாம். ஏறியபின் கூடிய விரைவில் கண்டக்டரிடம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 124-வது பிரிவு கூறுகிறது. ‘கூடிய விரைவில்’ என்ற சொற்றொடரின் அருமை, மாலை நேரத்தில் நெய்வேலியிலிருந்து கடலூர் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும். கண்டக்டர் முன் பக்கத்தில் சிக்கியிருக்கிறார். பிரயாணி பின் பக்கத்தில் சிக்கியிருக்கிறார். இடையில் ஒரு ஜனசமுத்திரம். அந்த நிலையில் வடலூரில் பரிசோதகர் ஏறினால் குற்றம் யாருடையது? கையில் சில்லறையை நீட்டிக்கொண்டு நிற்பவரைத் திருடர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இதற்குத் தண்டனை 178-வது பிரிவில் இருக்கிறது: 500 ரூபாய் வரை அபராதம். 500 என்ற எண்ணை ஜனங்கள் அறிவார்கள். ‘வரை’ என்ற சொல்லை அறியார்கள். மேலும், அதே பிரிவு கட்டணம் வாங்க மறுக்கும் கண்டக்டருக்கும், டிக்கட் கொடாத கண்டக்டருக்கும், குறைந்த தொகைக்கு டிக்கட் கொடுக்கும் கண்டக்டருக்கும் அபராதம் விதிக்கிறது. குற்றத்தை அவ்விடத்திலேயே பணம் கட்டித் தீர்த்துக்கொள்ள 200-வது பிரிவு வழி செய்கிறது. சர்க்கார் அறிவித்த உத்தியோகஸ்தர், சர்க்கார் அறிவித்த தொகையை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். இது சமரசமேயன்றித் தீர்ப்பு அன்று. குற்றம் செய்யவில்லை என்று சொல்லும் பிரயாணி சமரசத்திற்கு இசைய வேண்டியதில்லை. கோர்ட்டிலே பார்த்துக்கொள்ளுகிறேன் என்று சொல்ல அவருக்கு முழு உரிமையுண்டு. 2021-ம் வருஷம் மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணமில்லை. அதே சாலையில் ஓடும் வெளியூர்ப் பஸ்ஸில் கட்டணமுண்டு. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றில் ஏறிவிட்ட கிழவியை அடுத்த நிறுத்தம் வரை அதட்டிக்கொண்டு போவதைவிட, என்ன பஸ் என்று ஏறும்போதே சொல்லிவிடுவது சுலபம்.

நமது நாட்டில் பஸ் பரிசோதகரின் அதிகாரம் பிரயாணியைவிடக் கண்டக்டர் தலையிலேயே அதிகமாக விழுகிறது. 1977-ம் வருஷத்தில் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு கண்டக்டர் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. பணம் கொடுத்தும் டிக்கட் பெறாத 11 பிரயாணிகளைப் பரிசோதகர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் அப்பிரயாணிகளிடம் வாக்குமூலம் எழுதி வாங்கவில்லை. இலாகா விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பான விதிகள் பொருந்தா, ஏதேனும் ஓர் ஆதாரம் இருந்தால் போதும் என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார், உத்தியோக நீக்கம் நிலைத்தது. ஏழைகளின் பக்கம் பேசியவர் என்று புகழ்பெற்ற நீதிபதியே அவ்வாறு கூறியிருக்கும்போது அதன் சட்ட நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பரிசோதகரின் ஓர் அறிக்கை ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறிக்க வல்லது என்பதை அத்தீர்ப்பு காட்டுகிறது. அவ்வளவு பலமுள்ள பேனாவைப் பிடிப்பவர், ஒரு பிரயாணியின் வார்த்தையையாவது எழுதி வாங்கிக்கொள்வது தர்மம்.

அதிகாரத்தின் எல்லையை மறந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாகாணத்திலேயே 2024-ம் வருஷம் மே மாதம் ஒரு வேடிக்கை நடந்தது. நாங்குநேரியில் அரசாங்கப் பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் ஒருவர் டிக்கட் வாங்க மறுத்தார். வாரண்டு இருந்தாலன்றிப் போலீஸாருக்கு இலவசமில்லை என்றார் கண்டக்டர். சட்டசபையில் 2021-ல் பிரஸ்தாபிக்கப்பட்ட சலுகையைச் சுட்டிக்காட்டிச் சிலர் போலீஸ்காரருக்காக வாதாடினார்கள். கண்டக்டர் செய்தது சரியே. அதிகாரமுள்ளவரிடம் டிக்கட் கேட்பவரே மெய்யான ஊழியர். அதற்கப்புறம் நடந்தது என்ன? பல ஊர்களிலும் போலீஸார் அரசாங்கப் பஸ்களை நிறுத்தி, சீட்டு பெல்ட் இல்லை, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினாய் என்று அபராதச் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார்கள். இறுதியில் இரண்டு இலாகாக்களின் காரியதரிசிகளே உட்கார்ந்து பேசித் தீர்க்கவேண்டியதாயிற்று. போலீஸ்காரருக்காக இரண்டு காரியதரிசிகள் பேசினார்கள். நெய்வேலிக்குக் கூலி வேலைக்கு வரும் ஒரு முந்திரிக்காட்டு ஏழைக்காக யார் பேசுவார்கள்?

1893-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி இரவு, தென்னாப்பிரிக்காவில் மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ஓர் இளம் பாரிஸ்டரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவரிடம் முதல் வகுப்பு டிக்கட் இருந்தது. ரயில்வே உத்தியோகஸ்தர் உத்தரவிட்டார். கான்ஸ்டபிள் கையைப் பிடித்துத் தள்ளினார். அதற்கடுத்த பிரயாணத்தில், குதிரை வண்டிக்குப் பொறுப்பாளனாக வந்தவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அதற்கும் அவர் டிக்கட் வாங்கியிருந்தார். அந்த அவமானத்தைக் காந்தியடிகள் மறக்கவில்லை, நாமும் மறக்கவில்லை. அன்று அதைச் செய்தவர்கள் அந்நியர் என்று சொல்லிக்கொண்டோம். இன்று சுதந்திர நாட்டின் ரயிலிலும் பஸ்ஸிலும் நம்மவரே நம்மவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் அதற்கு என்ன பெயர் சொல்லப்போகிறோம்?

ரயில்வே நிர்வாகத்தையும் போக்குவரத்துக் கழகத்தையும் நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியமன்று. பரிசோதகர் தம் பெயரும் எண்ணும் தெரியும்படி வில்லை அணியவேண்டும். வாங்கும் ஒவ்வொரு காசுக்கும், எந்தப் பிரிவின்கீழ் வாங்கப்பட்டது என்று குறிப்பிட்ட ரசீது கொடுக்கவேண்டும். மறுப்பவரை வாக்குவாதமின்றிக் கோர்ட்டுக்கு அனுப்பவேண்டும். கூட்டம் மிகுந்த நேரங்களில் கூடுதல் பஸ்ஸோ, நிலையத்திலேயே டிக்கட் தரும் ஏற்பாடோ செய்தபிறகு பரிசோதனையைக் கடுமையாக்கட்டும், நாமே ஆதரிப்போம். நெய்வேலி ஸ்டேஷனில் அபராதத்தைப் பற்றிய பலகை எங்கே தொங்குகிறதோ அதன் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், தமிழில், 139-வது பிரிவின் நிபந்தனைகளையும் எழுதித் தொங்கவிட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை; திருச்சிராப்பள்ளிக் கோட்ட அதிகாரிகள் ஒரு டப்பா வர்ணமும் ஒரு பெயிண்டரும் அனுப்பினால் போதும்.